கூகுள் ஸ்காலர் சுயவிவரப் பக்கம்: மூலக்கூறு உயிரியலாளரை இதில் எவ்வளவு தூரம் அளக்கலாம்?

ஒரு மூலக்கூறு உயிரியலாளர் இதுவரை என்னென்ன எழுதியிருக்கிறார், அதை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க முதலில் திறக்க வேண்டியது, கூகுளின் ஆய்வுக் கட்டுரைத் தேடுபொறியான ஸ்காலரில் அவருக்கு இருக்கும் சுயவிவரப் பக்கம்தான். காசு கிடையாது. ஆய்விதழ்க் கட்டுரையோடு ஆய்வேடு, காப்புரிமை, ப்ரீபிரிண்ட் (ஆய்விதழில் வரும் முன்பே இணையத்தில் வெளியிடும் வடிவம்) எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரும். திரட்டித் தருவதில் இதற்கு ஈடு இல்லை. ஆனால் பக்கவாட்டுப் பெட்டியில் இருக்கும் மூன்று எண்களை மட்டும் வைத்து ஒருவரை எடைபோடக் கூடாது.

மொத்த மேற்கோள், எச்-இண்டெக்ஸ், ஐ10-இண்டெக்ஸ் என்பவை அந்த மூன்று. எச்-இண்டெக்ஸ் 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்தது. அது 20 என்றால், தலா 20 மேற்கோளுக்குக் குறையாத கட்டுரைகள் 20 இருக்கின்றன என்று பொருள். ஐ10 என்பது 10 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகளின் எண்ணிக்கை. எச் ஏறுமே தவிர, ஆய்வை நிறுத்திவிட்டவருக்கும் இறங்காது. அதனால் கடைசி ஐந்தாண்டு மேற்கோளுக்கான இரண்டாவது நெடுவரிசையையும் சேர்த்தே படிக்க வேண்டும். அதிலும் பழைய கட்டுரைக்கு இப்போது கிடைத்த மேற்கோள் கலந்திருக்கும். எனவே பட்டியலை ஆண்டுவாரியாக அடுக்கிப் பாருங்கள்.

அப்படி அடுக்கும்போதே அழுக்கும் தெரிந்துவிடும். புதிய கட்டுரைகள் தானாகச் சேரட்டும் என்று விட்டால், குமார், வாங், கிம் போன்ற பெயர்க்காரர்களின் பட்டியலில் பிறர் கட்டுரைகள் வந்து ஒட்டிக்கொள்ளும். ஆர்என்ஏ ஸ்பிளைசிங் ஆய்வாளர் பெயரில் மண் பொறியியல் கட்டுரை இருந்தால் காரணம் இதுதான். சேர்க்கும் முன் மின்னஞ்சலில் கேட்கும்படி அமைப்பை மாற்றிவிட வேண்டும். எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. ப்ரீபிரிண்ட் தளமான பயோஆர்கைவில் ஒரு தலைப்பு, ஆய்விதழில் வேறு தலைப்பு என்றால் ஒரே கட்டுரை இரண்டு வரியாக நிற்கும். ஒன்றுக்கு 14, மற்றதற்கு 9 மேற்கோள் என்றால், எச் 18 உள்ளவருக்கு இரண்டுமே கணக்கில் சேராது. இரண்டு வரியையும் டிக் செய்து இணைத்தால் 23 வரை வரும். இரண்டையும் மேற்கோள் காட்டியவர்கள் இருந்தால் சற்றுக் குறையும்.

இந்தத் துறையில் எண்களை அதிகம் வளைப்பவை, ஆய்வக முறை ஒன்றை விளக்கும் செய்முறைக் கட்டுரைகள். அந்த முறையைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் அவற்றை மேற்கோள் காட்டுவார்கள். புரத அளவைக் கணிக்கும் லௌரியின் 1951ஆம் ஆண்டுக் கட்டுரை 3 லட்சம் மேற்கோளைத் தாண்டியது. ஜெல் ஓட்டிப் புரதங்களைப் பிரிப்பவர்கள் லெம்லி 1970 என்று போடுவதும், மரபணுச் செயல்பாட்டை அளக்கும் கியூபிசிஆர் செய்பவர்கள் லிவாக்கும் ஷ்மிட்கனும் 2001இல் எழுதியதைப் போடுவதும் அன்றாட வழக்கம். அவை மிகப் பயனுள்ள கட்டுரைகள், சந்தேகமே இல்லை. ஆனால் மொத்தம் 12,000 மேற்கோள், எச் 15 என்று ஒரு பக்கம் காட்டினால், முதல் வரியைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள். அந்த ஒரு வரியிலேயே 11,000 இருக்கலாம்.

பெரிய குறை, ஆசிரியர் வரிசையை ஸ்காலர் கண்டுகொள்வதே இல்லை. மூலக்கூறு உயிரியலில் வழக்கமாக முதல் பெயர் ஆய்வக மேசையில் சோதனைகளைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் லேபை நடத்துபவருடையது. நூற்றுக்கணக்கானோர் கையெழுத்திட்ட ஜீனோம் கட்டுரையில் நடுவில் நிற்பவருக்கும் முழு மேற்கோள் போய்ச் சேர்கிறது. பட்டியலில் பெயர்கள் பாதியில் வெட்டப்பட்டிருக்கும், தலைப்பைச் சொடுக்கித்தான் பார்க்க முடியும். இதற்கு உயிர்மருத்துவக் கட்டுரைகளின் இலவசத் தேடல் தளமான பப்மெட் எவ்வளவோ மேல். அதன் மேம்பட்ட தேடலில் முதல் ஆசிரியர், கடைசி ஆசிரியர் என்று தனித்தனிப் புலம் இருக்கிறது. இரண்டிலும் பெயரைப் போட்டுத் தேடினால் அவருடைய சொந்த ஆய்வு எது என்று பெரும்பாலும் பிரிந்துவிடும்.

ஒருவர் தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டும் சுய மேற்கோளைக் கழிக்கும் வசதியும் ஸ்காலரில் இல்லை, ஸ்கோப்பஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் உண்டு. ஸ்கோப்பஸ் தேர்ந்தெடுத்த இதழ்களையே எண்ணுவதால் அதன் எண் பொதுவாகச் சிறியதாகவே இருக்கும். ஒருவருக்கு ஸ்காலர் எண்ணையும் இன்னொருவருக்கு ஸ்கோப்பஸ் எண்ணையும் வைத்து ஒப்பிடவே கூடாது. துறைக்குத் துறை மேற்கோள் வழக்கம் மாறுவதைச் சரிக்கட்ட அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஎச் இலவசமாகத் தரும் ஐசைட் என்ற இணையக் கருவி இருக்கிறது. கட்டுரைகளின் பப்மெட் அடையாள எண்களை அதில் ஒட்டினால் ஒவ்வொரு கட்டுரைக்கும், அதே துறைக் கட்டுரைகளோடு ஒப்பிட்டுக் கணக்கிட்ட ஒப்பீட்டு மேற்கோள் விகிதம் கிடைக்கும். 1.0 என்பது என்ஐஎச் நிதி பெற்ற கட்டுரைகளின் நடுமதிப்பு. ஆனால் பப்மெட்டில் இல்லாத கட்டுரை அதில் வராது. தாவர உயிரியல் பக்கம் சாய்ந்தவர்களுக்கு இதைப் பயன்படுத்தும்போது விடுபட்டவற்றை ஸ்காலர் பட்டியலோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.