போர்ஜோமி ‘மருத்துவ நீர் சிகிச்சை’ பேக்கேஜ்: பணம் கட்டுமுன் படித்துவிடுங்கள்

ஜார்ஜியாவில் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து அம்மா, அப்பா வரும் மாதங்களில் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்றும். ஒரே நாளில், தாது ஊற்று நீருக்குப் பேர்போன போர்ஜோமி ஊர். சர்க்கரை, சிறுநீரகக் கல், கொழுப்புக் கல்லீரல், மூட்டுவலி எல்லாவற்றுக்கும் இயற்கை நீர் சிகிச்சை. கந்தகக் குளியல், டாக்டர் ஆலோசனை, ஆளுக்கு ஐந்து லிட்டர் ஊற்று நீர். கூடவே ரபாட்டி கோட்டையும் வார்ட்சியா குகை நகரமும். பாதிப் பணத்தை முன்கூட்டியே ஜிபேயில் போடச் சொல்வார்கள். போட்டவர்கள் என்ன பெற்றார்கள் என்பதையும், அதே ஊருக்குச் சொற்பச் செலவில் எப்படிப் போய்வருவது என்பதையும் விவரமாக எழுதுகிறோம். போர்ஜோமி அருமையான ஊர். அதன் பேரைச் சொல்லி வயதானவர்களை ஏமாற்றுவதுதான் பொறுக்கவில்லை.

முதலில் தூரக் கணக்கு. தலைநகர் திபிலிசியிலிருந்து போர்ஜோமி சுமார் 160 கிலோமீட்டர். அங்கிருந்து ரபாட்டி கோட்டை இருக்கும் அகால்ட்சிகே ஏறத்தாழ 50. அதற்கப்பால் வார்ட்சியா இன்னும் 60. போக மட்டுமே 270 கிலோமீட்டர் வந்துவிடுகிறது; திரும்புவதையும் சேர்த்தால் 540. பெரும்பகுதி மலைப்பாதை, ஆற்றோரச் சாலை. நிற்காமல் ஓட்டினாலே எட்டு ஒன்பது மணி நேரம் வேனில் போய்விடும். குகை நகரம் ஏறி இறங்க இரண்டு மணி நேரம், கோட்டைக்கு ஒன்றரை, சாப்பாட்டுக்கு ஒன்று. மிச்சம் போர்ஜோமிக்கு என்ன கிடைக்கும்? ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிது. அந்த ஒரு மணி நேரத்தில் ஊற்று நீர் குடித்து, குளித்து, மருத்துவரையும் பார்ப்பது நடக்காத காரியம். விளம்பரம் போட்டவருக்கு இது நன்றாகத் தெரியும்.

ஆகவே நடப்பது இதுதான். வேன் பூங்கா வாசலில் நிற்கும். ஓட்டுநர் ஐம்பது நிமிடம் கொடுப்பார். நுழைவுச்சீட்டு பேக்கேஜில் இல்லை, கையிலிருந்து கொடுங்கள் என்பார். ‘டாக்டர்’ என்று வருபவர் வெள்ளைக் கோட்டுப் போட்ட வழிகாட்டியாக இருப்பார்; நாடி கூடப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே அளவு சொல்வார். கந்தகக் குளியலைக் கேட்டால் ‘இன்று மூடியிருக்கிறது’ அல்லது ‘நேரமாகிவிட்டது’. கடைசியில் வண்டியின் பின்புறத்திலிருந்து கேன்கள் இறங்கும்.

இனி, இவர்கள் காசு வாங்கும் ஒவ்வொன்றும் உண்மையில் என்ன என்று பார்த்துவிடலாம்.

ஊற்று: போர்ஜோமுலா என்ற சிற்றாற்றின் கரையில் 1829இல் ரஷ்யப் படைவீரர்கள் கண்டெடுத்தது. 1841இல் காகசஸின் ரஷ்யத் தலைமைத் தளபதி கொலோவின், நோயுற்ற தன் மகள் எகதெரீனாவை இங்கே அழைத்து வந்தார். ஓர் ஊற்றுக்கு அவள் பெயர், இன்னொன்றுக்கு அவர் பெயர். விளம்பரத்தில் வரும் ‘இளவரசியைக் குணப்படுத்திய நீர்’ கதை இதிலிருந்து திரிந்ததுதான். அவள் இளவரசியும் இல்லை. ஏறத்தாழ இரு நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு பெண்ணின் கதை உங்கள் அப்பாவின் சர்க்கரைக்குச் சான்றும் ஆகாது.

எகதெரீனா ஊற்று, பூங்கா வாசலைத் தாண்டியதும் கண்ணாடிக் கூரை போட்ட மண்டபத்துக்குள் இருக்கிறது. வாசலில் எழுதியிருக்கும் கட்டணம் சில ஜார்ஜிய லாரிதான் (ஒரு லாரி நம் பணத்தில் முப்பது ரூபாய் சொச்சம்). உள்ளே தண்ணீருக்குத் தனிக்காசு கிடையாது. யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். நீர் வெதுவெதுப்பாக வரும், சுமார் 38 முதல் 41 டிகிரி. முதல் வாயில் லேசான அழுகிய முட்டை வாடை, பிறகு உப்பு, பிறகு சோடா மாவு கரைத்ததுபோல நாக்கில் வழவழப்பு. கடையில் பச்சைக் கண்ணாடி பாட்டிலில் கிடைப்பது சில்லென்று நுரைத்துக் குடிப்பதற்கென்று ஆலையில் வாயு ஏற்றியது. ருசி வேறாக இருப்பதால் ‘பாட்டில் போலி, எங்கள் கேன்தான் அசல்’ என்று வழிகாட்டி சொன்னால் நம்பவேண்டாம்.

அந்தக் கேன்தான் பேக்கேஜிலேயே பெரிய மோசடி. இந்த நீர் ஆழத்தில் கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தில் மேலே வருவது. குழாயை விட்டு வெளியே வந்ததும் அழுத்தம் குறைந்து வாயு பிரியத் தொடங்கும். வாயு போனால் கரைந்திருந்த கால்சியம் கரைந்தபடி நிற்காது. அடியில் வெள்ளை வண்டலாக இறங்கும். கந்தக வாடை கொஞ்ச நேரத்தில் பறந்துவிடும். இரண்டு நாள் கழித்துக் கேனில் மிஞ்சுவது சூடாறிய உப்புச்சோடா நீர், அதுவும் உண்மையிலேயே ஊற்றில் பிடித்ததாக இருந்தால். வண்டியிலிருந்து இறங்கும் கேனை எங்கே நிரப்பினார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? சீல் இல்லை, தேதி இல்லை. அதைக் கையோடு ஊருக்குக் கொண்டுபோவதும் நடக்காது. விமானக் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் விடமாட்டார்கள். குடிக்கவேண்டும் என்றால் குழாயடியில் நின்று, சொந்த டம்ளரில், அப்போதே குடியுங்கள். பூங்கா வாசலில் காலி பிளாஸ்டிக் பாட்டில் விற்பார்கள். அதுவும் தேவையில்லை, வீட்டிலிருந்து ஒன்றைக் கழுவி எடுத்துப் போங்கள். அன்று மாலைக்குள் தீர்த்துவிடுங்கள்.

எங்களை இந்தப் பதிவை எழுத வைத்தது பணம் மட்டுமல்ல, அடுத்து வரும் விஷயம்.

போர்ஜோமி நீரில் லிட்டருக்கு 5 முதல் 7.5 கிராம் வரை தாதுக்கள் கரைந்திருக்கின்றன. பெரும்பகுதி பைகார்பனேட்டும் சோடியமும். சோடியம் மட்டும் லிட்டருக்கு 1000 முதல் 2000 மில்லிகிராம். ஒரு வளர்ந்த ஆள் ஒரு நாளைக்கு எல்லா உணவிலிருந்தும் சேர்த்து 2000 மில்லிகிராமுக்குள் நிற்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ‘நாள் முழுக்கச் சாதாரணத் தண்ணீருக்குப் பதிலாக இதையே குடியுங்கள்’ என்று வழிகாட்டி சொல்லும்போது, ஒன்றரை லிட்டர் குடித்த ரத்த அழுத்தக்காரர் சாம்பார், ஊறுகாய் கணக்குக்கு முன்பே 1500 முதல் 3000 மில்லிகிராம் சோடியம் ஏற்றிக்கொண்டிருப்பார். இதயம் பலவீனமானவர்களுக்குக் காலில் நீர் கோக்கும், மூச்சு வாங்கும். சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்கும், உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட கர்ப்பிணிகளுக்கும் இது ஆகாது. ஒரு சின்ன டம்ளர் ருசி பார்ப்பதில் பெரும்பாலோருக்கு ஆபத்தில்லை. கேன் கணக்கில் குடிப்பதுதான் ஆபத்து.

சிறுநீரகக் கல் என்றால் எந்தக் கல் என்பதே முதல் கேள்வி. யூரிக் அமிலக் கல் இருப்பவருக்குச் சிறுநீரின் காரத்தன்மை கூடுவது உதவலாம். கால்சியம் பாஸ்பேட் கல் இருப்பவருக்கு அதே காரத்தன்மை கல் வளரவே வழி செய்யும். ஸ்கேனும் பரிசோதனையும் இல்லாமல் எல்லோருக்கும் ஒரே கேனை நீட்டுபவர் மருத்துவர் அல்ல. சர்க்கரைக்கோ அழுத்தத்துக்கோ சாப்பிடும் மாத்திரையை ‘இரண்டு நாள் நிறுத்திவிட்டு நீரைக் குடித்துப் பாருங்கள்’ என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொண்டு கிளம்புங்கள். மாத்திரையை இந்த நீரோடு விழுங்கவும் வேண்டாம். வயிற்று அமிலத்தை இது குறைப்பதால் சில மருந்துகள் சரியாக உடலில் சேராது.

இந்த ஊரின் சானடோரியங்களில் (தங்கிச் சிகிச்சை பெறும் இல்லங்கள்) உண்மையான நீர் சிகிச்சை மரபு உண்டு. அங்கே நோயாளியைப் பரிசோதித்து, வயிற்று அமிலம் அதிகமா குறைவா என்று பார்த்துத்தான் நேரம் சொல்வார்கள். அமிலம் அதிகமுள்ளவருக்குச் சாப்பாட்டுக்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம் முன்பு. குறைந்தவருக்குச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு. வெதுவெதுப்பாக, மெதுவாக, அளவாக, மூன்று நான்கு வாரம். அந்த மரபே வாரக்கணக்கில் பேசும்போது ஒரு நாள் ‘கோர்ஸ்’ என்று விற்பது எதற்கு உதவும்?

கந்தகக் குளியல் பற்றிக் கொஞ்சம். குளங்கள் பூங்கா வாசலில் இல்லை. ஆற்றங்கரைக் காட்டுப்பாதையில் மூன்று கிலோமீட்டர் உள்ளே. சமதளமான பாதைதான், ஆனால் மூட்டுவலிக்காரர்களுக்குப் போக மட்டும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். பேக்கேஜ்காரர்கள் கொடுக்கும் ஐம்பது நிமிடத்தில் இதனால்தான் அது முடிவதில்லை. வாசலில் வாடகை வண்டி நின்றால் போகவரச் சேர்த்து ஒரே தொகையாகப் பேசிவிட்டு ஏறுங்கள். திரும்பும்போது விலை ஏறும். குளத்துக்குச் சீட்டு தனி. ‘வெந்நீர் ஊற்று’ என்று விளம்பரத்தில் இருந்தாலும் குளத்து நீர் முப்பது டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். உடல் சூட்டைவிடக் குறைவு. ஆவி பறக்கும் படத்தைப் பார்த்து ஜனவரியில் அம்மாவை இறக்கிவிடாதீர்கள். வெளியே வரும்போது பல் கிட்டித்துவிடும். கோடையில் சுகமாக இருக்கும். துண்டு, மாற்றுத்துணி, வழுக்காத செருப்பு உங்களுடையதாக இருக்கட்டும். இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: கந்தக நீரில் வெள்ளி கறுத்துவிடும். அம்மாவின் மெட்டி, கொலுசு, அரைஞாண் கயிற்றில் கோத்த வெள்ளித் தாயத்து எல்லாவற்றையும் கழற்றிப் பையில் வைத்துவிட்டு இறங்கச் சொல்லுங்கள்.

தனியாகப் போவது கஷ்டமே இல்லை. திபிலிசி மெட்ரோவில் டிடுபே நிலையத்தில் இறங்குங்கள். வெளியே சந்தையும் அதை ஒட்டி மர்ஷ்ருத்கா எனப்படும் பங்கு வேன்கள் நிற்கும் இடமும். வெளியே வந்ததும் டாக்சிக்காரர்கள் சூழ்ந்துகொண்டு ‘போர்ஜோமி வேன் இப்போதுதான் போனது, இனி இல்லை’ என்பார்கள். நிற்காமல் நடந்து, கண்ணாடியில் போர்ஜோமி என்று எழுதிய வேனைத் தேடுங்கள். பகலில் அடிக்கடி உண்டு. எழுத்து ஜார்ஜியத்தில் இருக்கும், ஆகவே அந்த ஊர்ப் பெயரைப் போனில் ஜார்ஜிய எழுத்தில் சேமித்துக் காட்டுங்கள். பயணம் இரண்டு, இரண்டரை மணி நேரம். ரயிலும் இருக்கிறது, மலிவு, ஆனால் நான்கு மணி நேரம் பிடிக்கும். இறங்கியதும் முதல் வேலை, திரும்பும் கடைசி வேன் எத்தனை மணிக்கு என்று கேட்பது. மாலையோடு நின்றுவிடும், அதைத் தவறவிட்டவர்களைத்தான் டாக்சிக்காரர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். வேன் நிற்குமிடத்திலிருந்து ஆற்றைக் கடந்து ஏப்ரல் 9 தெருவில் நேரே நடந்தால் பூங்கா வாசல்.

பகுரியானி என்ற மலை ஊருக்குப் போகும் ‘குக்குஷ்கா’ என்ற குறுகிய தண்டவாள ரயிலைக் காட்டியும் பணம் வாங்குகிறார்கள். 1902இல் ஓடத் தொடங்கிய 37 கிலோமீட்டர் மலைப்பாதை, பார்க்கவேண்டியதுதான். ஆனால் அது நாள்தோறும் ஓடும் என்று எண்ணிவிடாதீர்கள். இப்போது ஓடுகிறதா என்று ரயில் நிலையத்திலேயே விசாரித்த பிறகு திட்டம் போடுங்கள். இரவு தங்குவதானால் அறையைப் பார்த்து, குளிர்காலத்தில் ஹீட்டருக்குத் தனிக்காசா என்று கேட்டு, தொகையை லாரியில் எழுதி வாங்குங்கள். உணவகத்தில் கேட்காமலே மேஜைக்கு வரும் போர்ஜோமி பாட்டிலைத் திறந்தால் பில்லில் ஏறும். வேண்டாம் என்றால் திறக்குமுன் சொல்லிவிடுங்கள். பைன் காய் ஜாமை நுரையீரல் மருந்து என்று சொல்லி விற்பார்கள். அது வெறும் இனிப்பு. பிஞ்சுக் காய்கள் முழுசாகப் பாகில் கிடப்பதை வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள், நன்றாகவே இருக்கும். ஊருக்குக் கொண்டுபோவதானால் செக்-இன் பெட்டியில் வையுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்களுக்கு: இந்திய எண்ணுக்கு யுபிஐயில் அனுப்பியிருந்தால் அது இந்தியாவிலேயே புகார் செய்யவேண்டிய விஷயம். வீட்டிலிருந்து யாராவது உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்கட்டும், இல்லையென்றால் சைபர் குற்றங்களுக்கான மத்திய அரசு இணையதளத்தில் பதியட்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு. 12 இலக்கப் பரிவர்த்தனை எண், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பேசிய குரல் பதிவுகள் எதையும் அழிக்காதீர்கள். குழுவிலிருந்து உங்களை நீக்கினால் பழைய உரையாடல் போனிலேயே இருக்கும், அதை ஏற்றுமதி செய்து வையுங்கள். கார்டில் கட்டியவர்கள் வங்கியில் தகராறு விண்ணப்பம் கொடுக்கலாம். வழியில் இறக்கிவிட்டாலோ கூடுதல் பணம் கேட்டு மிரட்டினாலோ ஜார்ஜியா முழுக்க 112. பேசுமுன் வண்டியின் நம்பர் பிளேட்டைப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.