ஹட்டன் சனிக்கிழமை இங்லீஷ் கிளாஸ்: குடும்பத்து புது வார்த்தைகளுக்காகவே போகலாம்

மூணு மாசமா ஹட்டன் டவுன்ல ஒரு ஸ்போக்கன் இங்லீஷ் கிளாஸுக்கு போறேன், பெரியவங்களுக்கான கிளாஸ், சனிக்கிழமை ரெண்டரைல இருந்து நாலரை வரைக்கும், மாசம் ரெண்டாயிரம் ரூபா. சேரலாமான்னு நெறைய பேரு கேட்டதால எழுதுறேன். கிராமர் சுமார்தான். ஆனா போன மாசம் முழுக்க குடும்பம், தலைமுறை பத்தி இங்லீஷ்ல புதுசு புதுசா உண்டாக்குன வார்த்தைகள எடுத்தாங்க பாருங்க, அதுக்கே காசு குடுக்கலாம்.

மொத வார்த்தை சாண்ட்விச் ஜெனரேஷன். வயசான அம்மா அப்பாவையும் பாத்துக்கிட்டு படிக்கிற புள்ளைங்களையும் பாத்துக்கிட்டு நடுவுல நிக்கிறவங்க. 1981ல அமெரிக்காவுல டொரத்தி மில்லர்ங்கிறவங்க சமூகப்பணி பத்தின கட்டுரைல வச்ச பேராம். எனக்கு அப்பிடியே என் கதை, காலைல அம்மாவுக்கு பிரஷர் குளிசை குடுத்து மகனுக்கு சோத்து பார்சல் கட்டி வச்சிட்டு ஆறு மணி பஸ்ஸுக்கு ஓடுறவ நான். ஆனா கிளாஸ்ல குடுத்த போட்டோகொப்பில தமிழ் அர்த்தம்னு 'சாண்ட்விச் தலைமுறை'ன்னே போட்டிருந்தது எனக்கு புடிக்கல. பின்னால இருந்த ஒரு அக்கா, கொழுந்து எடுக்குறவங்க, "மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் அடி, அதானே சேர்?"ன்னாங்க. எல்லாருக்கும் அப்பதான் வெளங்குச்சு. சேரும் அதையே போர்ட்ல எழுதுனாரு, அந்த மனசு பெருசு.

ஷேரண்டிங்னா புள்ளைங்க போட்டோவ, விஷயத்த பெத்தவங்களே நெட்ல போடுறது. 2016ல கொலின்ஸ் அகராதி அந்த வருஷத்து வார்த்தைகள் பட்டியல்ல இதையும் சேத்துச்சு. புலமைப்பரிசில் ரிசல்ட்ட சுட்டெண்ணோட ஃபேஸ்புக்ல போடுறோமே, அதுவும் இதுதான். நானும் போட்டிருந்தேன். வீட்டுக்கு போனதும் மகன்கிட்ட கேட்டேன், "அழிச்சிருங்கம்மா"ன்னுட்டான், அழிச்சிட்டேன்.

நிப்ளிங்ங்கிற வார்த்தைக்கு அரை மணித்தியாலம் போச்சு. கூடப்பொறந்தவங்க புள்ளைங்க எல்லாத்துக்கும் சேத்து ஒரே பேரு. நமக்கு எப்பிடி சரிவரும்? என் தங்கச்சி மகன் எனக்கும் மகன், அண்ணன் மகன் எனக்கு மருமகன், ரெண்டையும் ஒண்ணாக்குனா முறையே போயிருதே.

ஜென் அல்பா, ஜென் பீட்டா எல்லாம் எந்த வருஷத்துல பொறந்த தலைமுறைன்னு சொல்ற வருஷக் கணக்குதான், மனப்பாடம் பண்ணிட்டு போனோம்.

கடைசி வாரம் ஸ்கிப் ஜெனரேஷன். தாத்தா பாட்டியே பேரப்புள்ளைங்கள வளக்குற வீடு. அம்மா குவைத்துல, அப்பா கொழும்புல கடையில, புள்ள அம்மாயிகிட்ட, நம்ம லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீடுகள்ல, இப்பிடி எத்தன வீடு இருக்கு. அன்னைக்கி அப்பிடி வளந்த ஒரு தங்கச்சி அழுதுருச்சு. கிளாஸ்ல தமிழ் பேசக்கூடாதுன்னு ரூல், ஆனா சேர் புத்தகத்த மூடிட்டு "தமிழ்லயே பேசுங்க"ன்னு விட்டாரு, அது தன் அம்மாயி பத்தி பேசுச்சு, நாங்க எல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தோம்.

கொறைன்னா தகரக் கூரை. மழை புடிச்சா பின்வரிசைக்கு ஒண்ணும் கேக்காது, நம்ம ஊர்ல மழைக்கு சொல்லவா வேணும். ரெண்டே காலுக்கே போய் முன்னால எடம் புடிச்சிருங்க, தோட்டத்துல இருந்து வர்றவங்க கடைசி பஸ் நேரத்தையும் கேட்டு வச்சிக்கங்க.