பெட்ரோல் கணக்கு போட்டு வருமான வரி ரீஃபண்டு வாங்கித் தருகிறேன் என்றால் நம்பாதீர்கள்

சிறுசேரியில் ஒரு ஐடி வளாகத்தில் லிஃப்ட் டெக்னீஷியனாக இருக்கிறேன். வீடு அம்பத்தூர். பைக்கில் போக வர 80 கிலோமீட்டர் ஓடும். அந்த 80 கிலோமீட்டரை வைத்துத்தான் என்னை ஏமாற்றினார்கள்.

2023 ஜூலையில், ஷிஃப்ட்டில் கூட இருப்பவர் சொல்லி, ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு வரி ஏஜெண்டிடம் போனேன். பார்ம் 16-ஐ (சம்பளமும் பிடித்த வரியும் காட்டி கம்பெனி தரும் சான்று) புரட்டிவிட்டு, "வேலைக்கு எதுலண்ணே போறீங்க?" என்றார். பைக் என்றேன். "அப்புறம் என்ன, பெட்ரோலைக் கழிச்சிடலாம். அமெரிக்காவுல எல்லாம் மைலுக்கு இவ்வளவுன்னு கழிக்கிறாங்க." (வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் தூரத்தை அங்கேயும் கழிக்க முடியாது. எனக்கு இப்போதுதான் தெரியும்.)

அந்த வருஷச் சம்பளம் 7,20,000. ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் (சம்பளக்காரர் எல்லாருக்கும் கிடைக்கும் பொதுக் கழிவு) 50,000, பி.எஃப். 60,000 போக 6,10,000. பழைய முறையில் அதற்கு வரி 35,880. கம்பெனியே பிடித்துக் கட்டிவிட்டது. ஏஜெண்ட் பெட்ரோல் படி என்று 1,20,000 எழுதினார். வருமானம் 4,90,000 ஆனது. 5 லட்சத்துக்குள் வந்துவிட்டால் வரியே இல்லை என்பதால் மொத்தப் பணமும் என் கணக்குக்குத் திரும்பியது. கமிஷன் 10 சதவீதம். சந்தோஷமாகத்தான் கொடுத்தேன், பொய் சொல்வானேன். மாதம் 4,500 ரூபாய்க்குப் பெட்ரோல் போடுகிறவனுக்கு 10,000 எப்படி வந்தது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

2025 ஜூலை 14 அன்று, பொய்க் கழிவு காட்டும் ஏஜெண்டுகளைத் தேடி நாடு முழுக்க 150 இடங்களில் வருமான வரித்துறை இறங்கியது. தமிழ்நாடும் அதில் உண்டு. மறுநாள் எங்கள் ஷிஃப்ட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. ஆதார் ஓடிபி போட்டுப் பாஸ்வேர்டை மாற்றி வருமான வரித்துறை இணையதளத்துக்குள் போனால், என் பெயருக்குக் கீழே ஏஜெண்டின் இமெயில், ஏஜெண்டின் போன் நம்பர். துறை அனுப்பியது எதுவும் என்னிடம் வந்திருக்கவே வாய்ப்பில்லை.

அப்புறம் ஒரு ஆடிட்டரிடம் போனேன். அவர் விளக்கினார்: வீட்டிலிருந்து வேலைக்குப் போவது சொந்தச் செலவு. சம்பளக்காரருக்கு அதற்கென்று தனிக் கழிவு கிடையாது. மாதம் 1,600 ரூபாய் போக்குவரத்துப் படிக்கு இருந்த விலக்கையும் 2018-இல் எடுத்துவிட்டுத்தான் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷனைக் கொண்டுவந்தார்கள். டூட்டி நேரத்தில் ஒரு சைட்டிலிருந்து இன்னொரு சைட்டுக்குப் போக கம்பெனி படி கொடுத்து, அது உண்மையிலேயே செலவானால் அது வேறு கதை. என் பார்ம் 16-இல் அப்படி ஒரு படியே இல்லை.

என் மச்சான் பிளம்பர், சொந்தத் தொழில். அவன் வருமான வரிச் சட்டத்தில் சிறு தொழில்களுக்கான 44ஏடி பிரிவில் கணக்குக் காட்டுகிறான். வரவில் 8 சதவீதம், வங்கி வழியாக வந்ததென்றால் 6 சதவீதம் லாபம் என்று எடுத்துக்கொள்வார்கள். பெட்ரோல் உட்பட எல்லாச் செலவும் அதிலேயே அடக்கம், மேலே தனியாகக் கழிக்க முடியாது. அவனிடமும் யாரோ பெட்ரோல் பில் சேர்த்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

நோட்டீஸ் வந்து வருமானத்தைத் தவறாகக் காட்டியதாக முடிவானால், அபராதம் வரியைப் போல இரண்டு மடங்கு வரை போகும். அதனால் நானே முந்திக்கொண்டு புதுப்பித்த கணக்கை (அப்டேட்டட் ரிட்டர்ன்) தாக்கல் செய்தேன். வாங்கிய 35,880, வட்டி, அதற்கு மேல் 50 சதவீதம் கூடுதல் வரி. ஏறக்குறைய 60,000. மனைவியின் வளையல் அடகுக்குப் போனது.

ஏஜெண்டுக்குப் போன் போட்டேன். "நீங்க சொன்னதைத்தானேண்ணே போட்டேன்" என்றார். கமிஷனைத் திருப்பித் தரவில்லை. போன வாரம் அதே நம்பரிலிருந்து வாட்ஸ்அப்: "இந்த வருஷம் வீட்டு வாடகை போட்டுடலாமாண்ணே?"