பொறியியல் கல்லூரியின் பெருமையும் அரசு கலைக் கல்லூரியின் மதிப்பும்

திருமண வீடுகளில் ‘பிள்ளை எங்கே படிக்கிறான்?’ என்று உறவினர் கேட்கும்போது, தனியார் பொறியியல் கல்லூரியின் பெயரைச் சொல்லும் பெற்றோரின் குரல் உயர்வதையும், அரசு கலைக் கல்லூரி என்பவர்களின் குரல் தாழ்வதையும் தமிழகத்தில் பரவலாகக் காணலாம். முன்னதில் வளாக நேர்காணல் வழியே வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை உண்டு. அதற்காக நகையை அடகு வைத்தும் கல்விக்கடன் வாங்கியும் செலவிடும் குடும்பங்களுக்கு, நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்தால் சுமை இன்னும் கூடுகிறது. பின்னதில் கட்டணம் மிகக் குறைவு. 1840இல் தொடங்கப்பட்ட, அரசு கலைக் கல்லூரியான சென்னை மாநிலக் கல்லூரியில்தான், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற சி.வி. இராமனும் சந்திரசேகரும் இயற்பியல் பயின்றார்கள். கணிதத்திலோ வரலாற்றிலோ உண்மையான நாட்டமுள்ள பிள்ளையை, ஊர் மெச்ச வேண்டும் என்பதற்காக மட்டும் பொறியியலில் சேர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பிள்ளைக்கே அதில் ஆர்வமும் குடும்பத்துக்குக் கடனைத் தாங்கும் வசதியும் இருந்தால், பொறியியலைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம்.