கீப்பர் ஸ்டிக்குக்கு நானே சுத்துன கிரிப்: வெயில், மழை எல்லாம் பாத்தப்புறம் எழுதுறேன்

ஹாக்கி கீப்பர் ஸ்டிக்குக்கு கிரிப் மாத்துறதுன்னா எல்லாரும் முதல்ல கேக்குறது எது நல்லா ஒட்டும்னுதான். காரைக்குடி பக்கம் செம்மண் கிரவுண்டுல ரொம்ப நாளா கோல்ல நிக்கிறவன்ங்கிற முறையில சொல்றேன், நமக்கு ஒட்டுறதை விட ஸ்டிக் கைக்குள்ள சுத்தாம இருக்கணும், அதான் பெரிய விஷயம். கிரிப் எவ்வளவு பிசுபிசுன்னு இருந்தாலும் பிடி உருண்டையா இருந்தா பந்து பட்டதும் திரும்பத்தான் செய்யும்.

ஏன்னா ஃபீல்டு பிளேயர் ரெண்டு கையால பிடிக்கிறாங்க, இடது கை மேல இறுக்கமா, வலது கை கீழ தளர்வா. கீப்பருக்கு ஒத்தக் கைதான், அதுவும் வலது கை, அதுவும் தடிமனான ஃபோம் க்ளவுஸுக்குள்ள. இடது கை பந்தைத் தடுக்குறதுக்கு போயிருது. நாம பிடியோட மேல் நுனியைப் பிடிக்கிறதும் இல்ல, நல்லா கீழ இறக்கித்தான் பிடிப்போம், அப்பதான் டைவ் அடிக்கும்போது ஸ்டிக்கை சட்டுனு திருப்ப முடியும். ஆனா என் ஸ்டிக்குல கடையில சுத்திக் கொடுத்த கிரிப் நுனியில நல்லா கனமா இருந்துச்சு, நான் கை வைக்கிற இடத்துக்கு வரும்போது மெலிஞ்சு, முடிச்சு ஒட்டுன டேப்தான் உள்ளங்கைக்குக் கீழ வந்துச்சு. பந்து எடை 156ல இருந்து 163 கிராம் வரைக்கும், அது பெனால்டி கார்னர்ல, அதான் நம்ம பக்கம் தப்பு பண்ணுனா எதிரணிக்கு கோல் பக்கத்துல கிடைக்கிற வாய்ப்புல, வேகமா வந்து ஸ்டிக்கோட வளைஞ்ச தலையில பட்டா பிடி ஒரு திருகு திருகும் பாருங்க, தட்டையான முகம் வானத்தைப் பாக்கும், பந்து மேல எகிறி கோலுக்குள்ள போயிரும். ஸ்டிக் கையிலதான் இருக்கும், கீழ கூட விழுந்திருக்காது, ஆனா கோல் விழுந்துரும்.

முதல்ல மெட்டீரியல். பியூ கிரிப், அந்த வழுவழுன்னு லேசா ஒட்டுற வகை, புதுசுல அருமையா இருக்கும். நம்ம ஊரு செம்மண் தூசி ஏறுச்சுன்னா அந்த ஒட்டு போயிரும், வேர்வையும் சேந்தா வழுக்கவே ஆரம்பிச்சிரும். சித்திரை வைகாசியில சாயந்திரம் அஞ்சு மணிக்கு கிரவுண்டுல இறங்கினா க்ளவுஸுக்குள்ள கை சொதசொதன்னு ஆயிரும், அது தெரிஞ்ச விஷயம்தானே. ஷாமாய் கிரிப் நேர் எதிர், துணி மாதிரி மெத்துனு இருக்கும், காஞ்சிருக்கும்போது சுமார்தான், ஈரம் பட்டாத்தான் நல்லா பிடிக்கும். ஆட்டத்துக்கு முன்னாடி லேசா தண்ணி தொட்டு பிழிஞ்ச துணியால ஒரு தடவை தடவிட்டு இறங்குவேன். பேட்மிண்டன் டவல் கிரிப்பும் போட்டுப் பாத்தேன், மண்ணைக் குடிச்சிட்டு கட்டியா ஆயிருச்சு, வேணாம். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை பிடி மேல யாரும் சுத்தாதீங்க, வெயில்ல அதோட பசை உருகி வெளிய வந்து க்ளவுஸ் முழுக்க அப்பிக்கும், பைக்குள்ள இருந்தா இன்னும் மோசம்.

இப்ப நான் கட்டியிருக்குற முறை. பழைய கிரிப்பை முழுசா உரிச்சிட்டு, ஒட்டியிருக்குற பசையை தேங்காய் எண்ணெய் தேச்சு ஊற வச்சு எடுத்தேன். அதுக்கப்புறம் சோப்புத் தண்ணியால எண்ணெய்ப் பசை சுத்தமா போற வரைக்கும் துடைச்சு நிழல்ல காய வைக்கணும், கொஞ்சம் எண்ணெய் இருந்தாக்கூட மேல எது போட்டாலும் நிக்காது. அடுத்து க்ளவுஸ் மாட்டிக்கிட்டு, கோல்ல நிக்கிற மாதிரியே குனிஞ்சு நின்னு ஸ்டிக்கைப் பிடிச்சு, கை மேல் விளிம்பு எங்க இருக்கு, கீழ் விளிம்பு எங்க இருக்குன்னு வேற ஒருத்தரை விட்டு பென்சில்ல கோடு போடச் சொன்னேன். வெறுங்கையில பிடிச்சு கோடு போட்டா இடம் மாறிப்போகும், இதுல சோம்பேறித்தனம் படாதீங்க.

அந்த ரெண்டு கோட்டுக்கு நடுவுலதான் வேலையே. பம்பரக் கயிறு இருக்குல்ல, முறுக்கேத்துன பருத்திக் கயிறு, அதுல ஒரு துண்டு வெட்டி ஸ்டிக்கோட பின்பக்கம், அதாவது உருண்டையான பக்கத்துக்கு நேரா, பிடி நீளத்துக்கு நேர்கோடா படுக்க வச்சு துணி டேப்பால ஒட்டுனேன். விரல் மடங்குற இடத்துல இந்தக் கயிறு ஒரு வரப்பு மாதிரி நிக்குது. இதனால பிடி முழு உருண்டையா இல்லாம லேசா முட்டை வடிவத்துக்கு வந்துருச்சு, பந்து பட்டாலும் திரும்புறதுக்கு விரல் விடாது. இன்னொரு லாபம் நான் எதிர்பாக்காதது, ஹெல்மெட்டுக்குள்ள இருந்து குனிஞ்சு ஸ்டிக்கைப் பாக்கவே வேண்டாம், எந்தப் பக்கம் தட்டை முகம் இருக்குன்னு விரலுக்கே தெரிஞ்சிருது. கூட்டத்துக்கு நடுவுல பந்து எங்கன்னு தேடுற நேரத்துல இது எவ்வளவு பெரிய உதவின்னு கோல்ல நின்னவங்களுக்குத்தான் தெரியும்.

மேல் கோட்டுக்கிட்ட துணி டேப்பை நாலஞ்சு சுத்து ஒரே இடத்துல சுத்தி சின்னதா ஒரு மேடு. ஸ்டிக்கை வீசும்போது அது கையை விட்டு வெளியதான் இழுக்கும், அப்ப கை இந்த மேட்டுல போய் முட்டி நின்னுரும். இது எல்லாத்துக்கும் மேல ஷாமாய் கிரிப்பை நுனியில ஆரம்பிச்சு கீழ் நோக்கி இழுத்துச் சுத்துனேன். கீழ இருந்து மேல சுத்துனா ஒவ்வொரு சுத்தோட விளிம்பும் கீழ் பாத்து நிக்கும், கை மேல நகரும்போதெல்லாம் விளிம்பு தூக்கிக்கும், அதனாலதான். முடிவுல துணி டேப் ரெண்டு சுத்து, அதுவும் கை படாத இடத்துல.

ரூல் விஷயம் ஒண்ணு கண்டிப்பா கவனிக்கணும், நிறைய பேர் இதைப் பாக்குறதே இல்ல. மேல சுத்துன எல்லாத்தோடயும் சேத்து ஸ்டிக் 51 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள வளையத்துக்குள்ள நுழையணும், மொத்த எடை 737 கிராமைத் தாண்டக்கூடாது. நான் கெட்டி அட்டையில காம்பஸை 25.5 மில்லிமீட்டர் வச்சு ஒரு வட்டம் வெட்டி, நுனியில இருந்து உள்ள விட்டுப் பாத்தேன், மேடு இருக்குற இடத்துலதான் இடிக்கும், அங்க பாத்துக்கிட்டா போதும். எடை தெரு முனை மளிகைக் கடை தராசுலயே போட்டுப் பாத்தாச்சு, கீப்பர் ஸ்டிக் பொதுவா லேசுங்கிறதால அதுல பிரச்சனை வராது. பிடிப் பக்கம் எடை கூடுனதுனால தலைப் பக்கம் கைக்கு லேசா தெரியுது, ஒத்தக் கைக்கு இது எனக்கு பிடிச்சிருக்கு.

தேவகோட்டையில இருந்து ஆட வர்ற தம்பி ஒருத்தன், நல்ல கீப்பர், "அண்ணே, பேசாம க்ளவுஸுலயும் பிடியிலயும் வெல்குரோ தச்சுட்டா ஸ்டிக் நழுவவே நழுவாதுல்லண்ணே"ன்னு கேட்டான். அது செல்லாதுடா தம்பின்னு சொன்னேன். கை விட்டாலும் ஸ்டிக் க்ளவுஸோட ஒட்டி நிக்கிற மாதிரி எதுவும் வைக்கக்கூடாதுன்னு ரூல்லயே தெளிவா இருக்கு. பிடிக்கிறது கைதான் பிடிக்கணும். அவனுக்கு அதுக்குப் பதிலா க்ளவுஸோட உள்ளங்கையைப் பாக்கச் சொன்னேன், அங்க துணி தேஞ்சு வழவழன்னு கிடந்துச்சு, அந்த நிலைமையில எந்த கிரிப் சுத்தியும் பிரயோஜனமில்ல. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல செருப்பு தைக்கிற அண்ணன்கிட்ட மெல்லிசான ஆட்டுத்தோல் துண்டை சொரசொரப்புப் பக்கம் வெளிய வர்ற மாதிரி தைக்கச் சொல்லி வாங்கினோம், தையல் விரல் மடங்குற இடத்துல வராம ஓரமா ஓட்டிக் கொடுத்தார், கை தேர்ந்த வேலை. என் க்ளவுஸுக்கும் அப்படியே பண்ணிக்கிட்டேன். கிரிப் பாதின்னா இந்தத் தோல் மீதிப் பாதி.

எவ்வளவு நாள் தாங்குது? அடியில இருக்குற கயிறும் மேடும் போட்டது போட்டபடி அப்படியே இருக்கு, ஐப்பசி கார்த்திகை மழையில நனைஞ்சும் ஒண்ணும் ஆகல, கயிறு மட்டும் கொஞ்சம் அமுங்கியிருக்கு. மேல ஷாமாய்தான் சீக்கிரம் போகுது. கிரவுண்டுல விழுந்து புரள்றப்ப செம்மண் ஏறி, ஈரத்தோட சேந்து சேறு மாதிரி பூசிக்கும், அன்னிக்கே வீட்டுக்கு வந்து ஈரத்துணியால ஒத்தி எடுத்தா நல்லா உழைக்கும், விட்டுட்டா காஞ்சு மொரமொரன்னு ஆயிரும். வெயில்ல காய வைக்காதீங்க, முத்தத்துல கொடியில போடாதீங்க, நிழல்ல ஃபேன் காத்து போதும். மழை நாள்ல காய நேரம் ஆகுது, அது ஒண்ணுதான் எனக்கு இதுல உண்மையான குறை, அதுக்காக மழைக்காலத்துல மட்டும் மேல மெல்லிசான டென்னிஸ் ஓவர்கிரிப்பு சுத்திக்கிறேன், நனைஞ்சா உரிச்சு எறிஞ்சிட்டு வேற சுத்திக்கலாம்.

2025 கடைசியில ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலயும் மதுரையிலயும் நடந்துச்சுல்ல, காரைக்குடியில இருந்து மதுரை பக்கம்தானேன்னு போய் உக்காந்து மேட்ச் பாத்தேன். பந்து எதிர்ப் பக்கம் இருக்கும்போதும் நான் கீப்பரோட வலது கையைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். சும்மா நிக்கிற நேரத்துல பிடியை உள்ளுக்குள்ள லேசா உருட்டி உருட்டி சரி பண்ணிக்கிறாங்க, பெனால்டி கார்னருக்கு வரிசை கட்டும்போது ஒரு இடத்துல நிறுத்தி இறுக்குறாங்க. அவங்க ஆடுறது தண்ணி தெளிச்ச டர்ஃப், அதாவது செயற்கைப் புல் கிரவுண்டு, தூசியே கிடையாது, அதனால அவங்க என்ன கிரிப் போடுறாங்களோ அதையே இங்க போடணும்னு இல்ல. டர்ஃப்ல மட்டும் ஆடுறவங்களுக்கு பியூ கிரிப்பே போதும்னு தோணுது, கயிறு மட்டும் அடியில வச்சுக்கங்க.

ஸ்கூல் பசங்களுக்கு ஒரு வார்த்தை. கை சின்னதா இருந்தா மேல மேல கிரிப் போட்டு கனமாக்காதீங்க, விரல் பிடியைச் சுத்தி முழுசா வராம போயிரும், இறுக்கமே கிடைக்காது. ஒரே ஒரு கயிறு, அதுவும் மெல்லிசா, மேல ஒரே ஒரு கிரிப். மேடு வேணுமா வேணாமான்னு கொஞ்ச நாள் ஆடிப் பாத்துட்டு அப்புறம் போட்டுக்கலாம். சந்தேகம் இருந்தா கேளுங்க, ஞாயித்துக்கிழமை காலையில ஸ்டிக்கை எடுத்துக்கிட்டு கிரவுண்டுக்கு வந்தாலும் சரி, நானே சுத்தித் தர்றேன், கயிறு மட்டும் வாங்கிட்டு வாங்க.