காக்டெயில் குஞ்சு வாங்குகிறீர்களா? "தானே சாப்பிடும்" என்றால் நம்பிவிடாதீர்கள்

மதுரையில் முதல்முறையாக ஒரு சின்னக் கிளி வாங்கலாம் என்று நினைப்பவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். தானாகச் சாப்பிடத் தெரியாத குஞ்சை, "எல்லாம் தானே சாப்பிடும்" என்று சொல்லி எங்களிடம் விற்றார்கள். நியாயம் கேட்கப் போனால், அதைவிடப் பெரிய வில்லங்கத்தைத் தலையில் கட்டப் பார்த்தார்கள்.

என் மகள் ரொம்ப நாளாகக் கிளி கேட்டுக்கொண்டிருந்தாள். பச்சைக்கிளி வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்று தெரிந்ததால் காக்டெயில் வாங்குவது என்று முடிவு செய்தோம். ஆஸ்திரேலியப் பறவை. தலையில் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சு வட்டம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15, 20 வருஷம்கூட இருக்கும். கடைக்காரர் சாம்பல் நிறக் குஞ்சு ஒன்றை எடுத்து மகளின் விரலில் வைத்தார். பறக்கவில்லை, கடிக்கவில்லை. "கையிலயே வளர்ந்ததுக்கா. ஊட்டுறதெல்லாம் முடிஞ்சிருச்சு. தினையப் போட்டா தானாத் தின்னுக்கும்" என்றார். எங்கள் கண் முன்னாலேயே கொஞ்சம் தினையைப் போட்டார், அதுவும் கொத்தியது. மூவாயிரம் சொல்லி 2,500 ரூபாய்க்குக் கொடுத்தார். பில் கேட்டதற்கு, "பறவைக்கு யாருக்கா பில்லு போடுறா" என்று சொல்லிவிட்டார்.

வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரே கத்தல். மூச்சு விடுகிற ஒவ்வொரு தடவையும் கரகரவென்று ஒரு சத்தம். தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும். விரலை நீட்டினால் விரல் இடுக்கில் அலகை நுழைத்து அழுத்தி அழுத்தி இழுக்கும். கடைக்குப் போன் செய்தேன். "புது இடம்ல, பயத்துல கத்துதுக்கா. ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்றார். மறுநாள் அவர் சொன்ன மாதிரியே கத்தல் அடங்கியது. ஆனால் குஞ்சு குச்சியில் ஏறவில்லை. கூண்டின் தரையில் இறகை உப்பிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. எச்சம் கரும்பச்சையாக, துளித்துளியாக மட்டுமே இருந்தது. உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டர் குஞ்சைப் பார்ப்பதற்கு முன் கூண்டுத் தட்டைத்தான் வெளியே இழுத்தார். அடியில் சிதறிக் கிடந்த தினையை உள்ளங்கையில் அள்ளி என்னிடம் காட்டினார். ஒரு மணிகூட உமி பிரியவில்லை. கிளி இனம் எதுவுமே விதையை உரித்துப் பருப்பை மட்டும்தான் தின்னும். ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் தட்டு முழுக்க வெறும் உமி கிடக்க வேண்டும். அப்புறம் என் விரலைப் பிடித்துக் குஞ்சின் கழுத்துக்குக் கீழே, நெஞ்சுக்கு மேலே வைத்தார். தீனிப்பை இருக்க வேண்டிய இடம் தட்டையாக இருந்தது. நெஞ்செலும்பு கத்தி முனை மாதிரி கையில் இடறியது. வால் இறகு பாதிதான் வளர்ந்திருந்தது. கழுத்தோரத்தில் இறகுகள் உறை பிரியாமல் குச்சி குச்சியாக நின்றன. "கொத்திப் பார்க்குதும்மா, உடைச்சு முழுங்கத் தெரியல. இது இன்னும் ஊட்டி வளர்க்க வேண்டிய குஞ்சு" என்றார்.

காக்டெயில் குஞ்சு முழுசாகத் தானே சாப்பிடப் பழகுவதற்கு எட்டிலிருந்து பத்து வாரம் வரை ஆகும். ஆனால் நாலைந்து வாரத்திலேயே இறகு வந்து, பார்க்கப் பெரிய பறவையாகத் தெரியும், எதைப் போட்டாலும் கொத்தும். ஊட்டுவதற்கு ஆளும் நேரமும் பவுடர் செலவும் ஆகும் என்பதால் அந்த வயதிலேயே குஞ்சைத் தள்ளிவிடுகிறார்கள். "குஞ்சுல எடுத்து நீங்களே ஊட்டுனாத்தான் ஒட்டிக்கும்" என்று வேறு சில கடைகளில் சொல்கிறார்களாம். அதுவும் பொய்தான். ஊட்டுவது பழக்கமில்லாதவர் செய்கிற வேலையே இல்லை. அந்தப் பவுடரைக் கரைத்து ஊட்டும் கூழ் சுமார் 40 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். சூடு கூடினால் தீனிப்பை வெந்துவிடும், ஆறிப்போனால் உள்ளேயே தேங்கிப் புளித்துவிடும். அவசரப்பட்டு ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய் அங்கேயே முடிந்துவிடும். வளர்த்தவர் ஊட்டி முடித்துக் கொடுத்த குஞ்சும் தினமும் நம்மோடு இருந்தால் நன்றாகவே பழகும்.

எங்கள் குஞ்சு பிழைத்துக்கொண்டது. டாக்டர் ஊட்டிக் காட்டிய முறையில் நானும் வீட்டுக்காரரும் மாறி மாறி ஊட்டித் தேற்றினோம். மருத்துவச் செலவு பறவை விலையைத் தாண்டிவிட்டது. அதைக் கேட்கத்தான் கடைக்குப் போனேன். பில் இல்லாததால் பணமெல்லாம் தர முடியாது என்றார். பிறகு குரலை இறக்கி, "வேணும்னா இதக் குடுத்துட்டு நாட்டுக்கிளிக் குஞ்சு எடுத்துக்கங்கக்கா. நல்லாப் பேசும்" என்று உள்ளேயிருந்து ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தார். இறகு சரியாக முளைக்காத பச்சைக்கிளிக் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. தப்பில்லையா என்று கேட்டேன். "மீனாட்சி கையிலயே கிளி இருக்கு. மதுரையில இத யாருக்கா கேக்கப் போறா?"

கேட்பார்கள். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி நம் ஊர்ப் பச்சைக்கிளியைப் பிடிப்பது, விற்பது, வீட்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். 2022 திருத்தத்துக்குப் பின் அது, பாதுகாக்கப்பட்ட உயிரினங்களைப் பட்டியலிடும் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அபராதம் மட்டுமில்லை, சிறையும் உண்டு. 2024 மக்களவைத் தேர்தல் சமயத்தில் கடலூர்ப் பக்கம் ஒரு வேட்பாளருக்குக் கிளி ஜோசியம் பார்த்தவரையே வனத்துறை பிடித்துக் கிளிகளைப் பறிமுதல் செய்தது. மரப்பொந்திலிருந்து தாய் இல்லாத நேரத்தில் எடுத்துவருகிற குஞ்சுகள் இவை. பாவம் என்று காசு கொடுத்து வாங்கிவிடாதீர்கள், பெட்டியில் அந்த இடத்துக்கு இன்னொரு குஞ்சு வந்துவிடும். நாங்கள் கடை இருக்கும் இடத்தைச் சொல்லி வனத்துறையில் புகார் கொடுத்துவிட்டோம்.

காக்டெயில், பட்ஜீஸ் என்கிற சின்னக் கிளி இரண்டுக்கும் இந்தத் தடை இல்லை. சன் கனூர், ஆப்பிரிக்கன் கிரே மாதிரி வெளிநாட்டுக் கிளிகள் என்றால் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். அந்தக் காகிதம் இல்லாமல் வாங்காதீர்கள்.

கடையில் கொத்துவதை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். கூண்டுத் தட்டில் உமி கிடக்கிறதா என்று பாருங்கள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, கழுத்தடியில் தீனிப்பை நிறைந்து மேடாகத் தெரிகிறதா என்று தடவிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஆளைக் கண்டதும் தலையை ஆட்டிக் கத்தினால் அது இன்னும் ஊட்டுகிற குஞ்சு. ஒரேயடியாகச் சாதுவாக, இறகை உப்பிக்கொண்டு தூங்கி வழிந்தால் பழகின பறவை என்று எண்ண வேண்டாம், அது சீக்குப் பறவையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். செல்லப்பிராணிக் கடைகளுக்கான 2018 விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் கடை பதிவு செய்திருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். பறவையின் வகை, வயது, தேதி போட்டு பில் வாங்குங்கள்.

ஏற்கெனவே இப்படி ஒரு குஞ்சை வாங்கிவிட்டு, அது சாப்பிடாமல் இருக்கிறது என்றால், பால் வேண்டாம், குழந்தைகளுக்குக் கொடுக்கிற மாவு வேண்டாம், வாயில் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். உடம்பு சில்லிட்டிருந்தால் முதலில் கதகதப்பு வேண்டும். சில்லிட்ட குஞ்சுக்கு ஊட்டினால் செரிக்காது. சின்னப் பெட்டியில் துணி விரித்து, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு பக்கமாக வைத்து, நேராகப் பறவை பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் கொண்டுபோங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.