கருவாட்டுக்கு எந்த ஆன்லைன் கடை தோது? மண்டபத்திலிருந்து எழுதுகிறேன்

மண்டபத்தில் எங்களுக்குக் கருவாட்டு வியாபாரம். நெத்திலி, சீலா, வாளை, திருக்கை; கூடவே சாயல்குடிப் பக்கமிருந்து வரும் கருப்பட்டியும் கொஞ்சம். ராமேஸ்வரம் போய்த் திரும்பும் வண்டிக்காரர்கள் நிறுத்தி வாங்குவது போக, மீதி வியாபாரம் இப்போது சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் பார்சலில்தான் போகிறது. சொந்தமாக ஒரு ஆன்லைன் கடை போட எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று கடைக்காரப் பெண்கள் நிறையப் பேர் கேட்கிறார்கள். நான் படித்தது பிளஸ் டூ. கோடிங் தெரியாது, கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்குத்தான் இது.

டிசைன் அழகாக இருக்கிறதா என்றெல்லாம் நான் பார்க்கவில்லை. காயப்போட்ட களத்தில் நின்றுகொண்டு, ஒரு கை உப்பும் ஈரமுமாக இருக்கும்போது, இன்னொரு கைக் கட்டைவிரலாலேயே போனில் ‘சரக்கு இல்லை’ என்று போட முடியுமா? இதைத்தான் பார்த்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகில் வருவதுதான் சரக்கு, அவர்கள் சொல்வதுதான் விலை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் மீன் இருந்தும் வெயில் இருக்காது. கையில் இல்லாத சீலாவுக்குப் பணத்தை வாங்கிவிட்டு, அப்புறம் போன் போட்டுக் கெஞ்சுவது மாதிரி கேவலம் வியாபாரத்தில் வேறு கிடையாது.

முதலில் வாட்ஸ்அப் பிசினஸ். காசு கிடையாது. கேட்டலாக்கில் (அதிலுள்ள பொருள் பட்டியல்) 500 பொருள் வரை ஏற்றலாம், தீர்ந்ததை மறைத்து வைக்கலாம். தினம் நாலைந்து ஆர்டர்தான் வருகிறதென்றால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வேறு எதற்கும் பணம் போடாதீர்கள். ஆர்டர் கூடும்போதுதான் இடுப்பு ஒடியும். பார்சல் கூலியை நாமே கூட்டி, பணம் வந்ததா என்று நாமே பார்த்து, முகவரியை நாமே எழுதி, ‘அக்கா அனுப்பிட்டீங்களா’ என்பதற்கும் நாமே பதில் சொல்ல வேண்டும்.

அதைத் தாண்டினால் ஆன்லைன் கடை போடும் சாஃப்ட்வேர்தான்: வூகாமர்ஸ், இல்லாவிட்டால் ஷாப்பிஃபை. என் கொழுந்தனார் வூகாமர்ஸ் கட்சி. “அது ஃப்ரீ மதினி, மாச வாடகையே கிடையாது” என்பார். பொய் இல்லை. வேர்ட்பிரஸ் என்ற வெப்சைட் சாஃப்ட்வேர் மேல் ஏற்றிக்கொள்ளும் இலவச சாஃப்ட்வேர் அது. டொமைனுக்கும் (கடையின் இணைய முகவரி) ஹோஸ்டிங்குக்கும் (சைட் இருக்கும் இடத்துக்கு வாடகை) மட்டும் கட்டினால் போதும். ஆனால் எடைக்குத் தக்க பார்சல் கூலி அதோடு சேர்ந்து வராது, தனி ப்ளக்இன் (கூடுதலாகச் சேர்க்கும் சின்ன சாஃப்ட்வேர்) போட வேண்டும். கால் கிலோ நெத்திலிக்கும் மூன்று கிலோ திருக்கைக்கும் ஒரே கூலி போட்டால் எவர் வாங்குவார்? பில்லுக்கு ஒரு ப்ளக்இன் (நாங்கள் போட்டுப் பார்த்த ஒன்றில் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது), பணம் வாங்க ஒன்று, பேக்கப்புக்கு ஒன்று. எல்லாம் அப்டேட் கேட்கும். செய்யாமல் விட்டால் எவனாவது உள்ளே நுழைவான். செய்தால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் பணம் கட்டும் பக்கம் நின்றாலும் நிற்கும். வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் இருந்தால் வூகாமர்ஸ்தான் லாபம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. “நீங்க சவுதிக்குப் போயிட்டா யார் பார்க்கிறது?” என்று கேட்டேன். விசாவுக்கு அலைந்துகொண்டிருந்த மனிதர், வாயே திறக்கவில்லை.

ஆகவே ஷாப்பிஃபை. செலவைச் சொல்லிவிடுகிறேன். மாத வாடகை உண்டு. அவர்களுடைய சொந்தப் பேமென்ட் சேவை இந்தியாவில் இல்லாததால் வெளி கேட்வே (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் வேறொரு நிறுவனம்) வைத்துத்தான் ஆக வேண்டும். பேசிக் திட்டத்தில் அதற்காக விற்பனையில் 2 சதவீதம் ஷாப்பிஃபைக்குப் போகும். கேட்வே வழக்கமாக ஒரு 2 சதவீதம், அந்தத் தொகைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆயிரம் ரூபாய்க்கு விற்றால் கேட்வேக்கு 23 ரூபாய் 60 காசு, ஷாப்பிஃபைக்கு 20 ரூபாய். கருவாட்டில் என்ன நிற்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது சுருக்கென்றுதான் இருக்கும். விலையில் ஏற்றித்தான் விற்கிறேன்.

அப்படியும் ஏன் இது? அப்டேட், பாதுகாப்பு எதுவும் என் தலைமேல் இல்லை. எடைவாரியாகக் கூலி போட தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. போன் ஆப்பில் பொருளைத் தொட்டு, இருப்பை சைபராக்கி, சேவ் செய்தால் தீர்ந்தது. ‘தீர்ந்த பிறகும் விற்கவும்’ என்ற பொருளில் ஒரு டிக் இருக்கும், அதை மட்டும் எடுத்துவிடுங்கள். தடைக்காலம் தொடங்கும்போது எல்லா விலையையும் ஒரே பட்டியலில் வரிசையாக மாற்றலாம். அதை மட்டும் லேப்டாப்பில் செய்கிறேன்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு சிக்கலை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒரே நெத்திலிக் குவியலைத்தான் கால், அரை, ஒரு கிலோ என்று விற்கிறோம். ஷாப்பிஃபை மூன்றுக்கும் தனித்தனி இருப்பு கேட்கும். வூகாமர்ஸில் பொது இருப்பு வைக்கலாம், ஆனால் அது எண்ணிக்கைதான்: கால் கிலோ விற்றாலும் ஒன்று குறையும், ஒரு கிலோ விற்றாலும் ஒன்றுதான் குறையும். குவியல் குறைவது இரண்டுக்கும் தெரியாது. இதற்கென்று ஆப் வாங்கச் சொல்கிறார்கள். நான் எல்லாவற்றையும் காற்றை உறிஞ்சி ஒட்டிய கால் கிலோ வேக்குவம் பாக்கெட்டாகவே போட்டுவிட்டேன். ஒரு கிலோ வேண்டுமா, நாலு பாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். அலமாரியில் இருக்கும் பாக்கெட்டை எண்ணினால் கடையில் காட்டும் எண்ணோடு பொருந்துகிறது. வாடை கசியாததால் கூரியர்காரரும் மூக்கைப் பொத்துவதில்லை. பாக்கெட்டில் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தரும் 14 இலக்க எண் இருக்க வேண்டும், அதையே கடையின் அடியிலும் போட்டிருக்கிறேன்.

கேஷ் ஆன் டெலிவரியை அணைத்துவிட்டேன். கோயம்புத்தூர் வரை போய்த் திரும்பி வரும் கருவாட்டை யார் தின்பது?

எதை எடுத்தாலும் டொமைன் உங்கள் மெயில் ஐடியில், உங்கள் பெயரில் இருக்கட்டும். கீழக்கரையில் தொதல் விற்கும் தெரிந்த அக்கா ஒருவர், சைட் செய்து கொடுத்த பையன் போனை எடுக்காததால் தன் கடைப் பெயரையே இழந்தார். பொருள் பட்டியலையும் வாடிக்கையாளர் விவரத்தையும் சிஎஸ்வி ஃபைலாக (எக்செல்லில் திறக்கும் பட்டியல்) இறக்க முடிகிறதா என்றும் பாருங்கள். ஷாப்பிஃபை, வூகாமர்ஸ் இரண்டிலும் முடியும். உள்ளூரில் யாராவது தனியாக எழுதித் தரும் சாஃப்ட்வேர் என்றால் முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இலவச ட்ரையல் நாட்களைக் கலர் மாற்றி மாற்றிப் பார்த்து வீணாக்காதீர்கள். லேப்டாப்பைத் தொடாமல் போனிலேயே ஒரு பொருளை ஏற்றி, விலையை மாற்றி, தீர்ந்ததாக்கி, மறுபடி திறந்து பாருங்கள். திட்டம் எடுத்த பிறகு சொந்தக்காரர் யாரையாவது ஒரு பாக்கெட் வாங்கச் சொல்லி, அந்தப் பணத்தைத் திருப்பி அனுப்பியும் பாருங்கள். வருடச் சந்தாவுக்குத் தள்ளுபடி தருவார்கள். ஒரு மழைக்காலமும் ஒரு தடைக்காலமும் ஓடட்டும், அதுவரை மாதா மாதமே கட்டுங்கள்.